வாரத்தில் ஒரு மணி நேரம் வேலை பார்த்தாலே 'வேலையில் இருப்பவர்'... வேலையின்மை விகிதம் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

"நாட்டில் வேலையின்மை 3.2 சதவிகிதம்தான்" என்று செய்தி வந்தால், "அப்போ எங்க தெருவுல மட்டும் ஏன் இத்தனை பசங்க சும்மா இருக்காங்க?" என்ற கேள்வியும் கூடவே வருகிறது. அந்தச் செய்தி பொய்யில்லை. இந்தக் கேள்வியிலும் தப்பில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

இதைப் புரிந்துகொள்ள கொரட்டூருக்கு வருவோம். ஒரு பக்கம் அம்பத்தூர் தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் பாடி. வேலை தேடி அலைய இதைவிட வசதியான இடம் சென்னையில் குறைவு. ரயில் நிலையம் பக்கத்தில் ஒரு டீக்கடை, அங்கே தினமும் கூடும் நான்கு நண்பர்கள் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள்.

முதல் ஆள் டீக்கடைக்காரரின் மகன். பி.இ. முடித்துவிட்டு, சாயங்காலம் அப்பாவுக்கு ஒத்தாசையாகக் கல்லாவில் உட்காருகிறார். சம்பளம் கிடையாது. இரண்டாவது ஆள் உணவு டெலிவரி செய்பவர். வண்டி ரிப்பேர் ஆனதால், போன வாரம் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் மட்டும் ஓட்டினார். மூன்றாவது ஆள் ஐ.டி.ஐ. முடித்தவர். தொழிற்பேட்டையில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குகிறார். நான்காவது ஆள் ஒன்றரை வருடம் இன்டர்வியூ போய் அலுத்துவிட்டார். இப்போது நாள் முழுக்க மொபைலில் கேம். "வேலை வந்தா போவியா?" என்று கேட்டால், "இப்போதைக்கு வேணாம்ணா" என்கிறார்.

இவர்களில் எத்தனை பேருக்கு வேலையில்லை? தெருவைக் கேட்டால் "நாலு பேருக்கும்தான்" என்று சொல்லும்.

கணக்கு என்ன சொல்கிறது?

இந்தியாவில் வேலையின்மையை அளவிடுவது தேசிய புள்ளியியல் அலுவலகத்தின் காலமுறை தொழிலாளர் கணக்கெடுப்பு, சுருக்கமாக பி.எல்.எஃப்.எஸ். 2017 ஏப்ரலில் தொடங்கியது. இதன் 'வாராந்திர நிலை' முறைப்படி, கடந்த ஏழு நாட்களில் ஏதாவது ஒரு நாள், ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர்.

அதனால் டெலிவரி தம்பி வேலையில் இருக்கிறார். டீக்கடை மகனும்தான். குடும்பத் தொழிலில் சம்பளம் வாங்காமல் உதவினாலும் கணக்கில் அது வேலையே. ஐ.டி.ஐ. தம்பி மட்டும்தான் வேலையில்லாதவர். கேம் ஆடுபவர்? வேலை தேடவும் இல்லை, போகத் தயாராகவும் இல்லை. எனவே அவர் தொழிலாளர் தொகுப்புக்கு வெளியே போய்விடுகிறார். மூன்று பேரில் ஒருவர், அதாவது 33 சதவிகிதம்.

இங்கேதான் வேடிக்கை. கேம் தம்பி மறுபடி வேலை தேட ஆரம்பித்தால், நான்கு பேரில் இருவர், விகிதம் 50 சதவிகிதமாக ஏறும். மாறாக, ஐ.டி.ஐ. தம்பியும் வெறுத்துப்போய் "எனக்கும் வேணாம்" என்று போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால்? வேலையின்மை பூஜ்யம்! ஒருத்தருக்குக்கூடப் புதிதாக வேலை கிடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று. அந்தக் கேம் தம்பிதான் பக்கத்து வீட்டுப் பாட்டியை வாராவாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவர், ரேஷன் வாங்கித் தருகிறவர் என்று வைத்துக்கொள்வோம். அதே நேரத்தை அப்பா கடையில் செலவிட்டால் 'வேலை'. அடுத்த வீட்டுக்குச் சும்மா செய்தால் வேலை இல்லை. அதற்கு வேலையின்மைக் கணக்கில் இடம் கிடையாது.

இது இந்தியா கண்டுபிடித்த தந்திரமா?

இல்லை. ஒரு மணி நேர விதி, சர்வதேச தொழிலாளர் அமைப்பின் நடைமுறையை ஒட்டியது. பல நாடுகளும் இப்படித்தான் கணக்கெடுக்கின்றன. எவ்வளவு சின்ன வேலையும் விடுபடக் கூடாது என்பதுதான் நோக்கம். பெரும்பாலோர் மாதச் சம்பளத்தில் இருக்கும் நாட்டில் இதனால் பெரிய குழப்பம் வராது. நம் ஊரில் டீக்கடையும் தையல் மெஷினும் டெலிவரி பையும்தான் பாதிப் பேருக்கு வேலை என்பதால் குழப்பம் வருகிறது.

இன்னொரு அளவுகோலும் உண்டு. 'வழக்கமான நிலை' என்பது கடந்த ஒரு வருடத்தைப் பார்ப்பது. வருடத்தில் 30 நாட்களாவது துணை வேலை செய்தவரும் இதில் வேலையில் இருப்பவராகிவிடுவார். 2023-24-ல் இந்த முறையில் வேலையின்மை 3.2 சதவிகிதம், வாராந்திர முறையில் 4.9 சதவிகிதம். அதே ஆண்டு, 15 முதல் 29 வயது வரையிலானவர்களிடம் மட்டும் 10.2 சதவிகிதம். மூன்றுமே அரசின் எண்கள்தான். மேடையில் எது சொல்லப்படும் என்பது பேசுகிறவரைப் பொறுத்தது.

இறங்கிய எண், ஏறிய எண்

2017-18-ல் 6.1 சதவிகிதமாக இருந்த வேலையின்மை பாதியாகிவிட்டது உண்மை. ஆனால் அதே அறிக்கைகளில் இன்னொரு அட்டவணை இருக்கிறது. வேலையில் இருப்பவர்களில் சுயதொழில் செய்வோர் 52.2-லிருந்து 58.4 சதவிகிதமாக ஏறியிருக்கிறார்கள். அதற்குள், குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுவோர் மட்டும் 13.6-லிருந்து 19.4 சதவிகிதம். நம்ம டீக்கடை மகன் இந்த வரிசையில்தான் வருகிறார். மாதச் சம்பளக்காரர்களின் பங்கோ 22.8-லிருந்து 21.7 ஆகக் குறைந்திருக்கிறது. வேலைக்கு வரும் பெண்களின் விகிதம் 23.3-லிருந்து 41.7-க்குப் போனதை நல்ல செய்தி என்று சொல்வதற்கு முன், அவர்களில் எத்தனை பேர் கையில் சம்பளம் வாங்குகிறார்கள் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

அந்த 6.1-க்கே ஒரு கதை உண்டு. தேசிய புள்ளியியல் ஆணையம் ஒப்புதல் கொடுத்த பிறகும் அறிக்கை வெளியாகவில்லை. 2019 ஜனவரியில் ஆணையத்தின் பொறுப்புத் தலைவர் பி.சி.மோகனனும் உறுப்பினர் ஜே.வி.மீனாட்சியும் ராஜினாமா செய்தார்கள். சில நாட்களில் எண் பத்திரிகையில் கசிந்தது. 45 ஆண்டுகளில் இல்லாத அளவு என்று பேச்சு கிளம்பியது. அது வெறும் வரைவு என்றது அரசுத் தரப்பு. தேர்தல் முடிந்து, புதிய அமைச்சரவை பதவியேற்ற மறுநாள், 2019 மே 31 அன்று அறிக்கை வந்தது. அதே 6.1! பழைய கணக்கெடுப்போடு இதை ஒப்பிட முடியாது என்று அரசு சொன்னதிலும் நியாயம் இருந்தது, ஏனென்றால் முறை மாறியிருந்தது. அதற்காக அறிக்கையையே நிறுத்திவைக்க வேண்டியதில்லை.

வீட்டு வாசலில் என்ன நடக்கும்?

கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டும்போது, பையன் உள்ளே கேமில் இருப்பான். பதில் சொல்வது பெரும்பாலும் அம்மா. "சும்மாதான் இருக்கான்" என்று வெளியாளிடம் சொல்ல எந்த அம்மாவுக்கு மனசு வரும்? "கடையில கூடமாட ஒத்தாசை பண்றான் சார்" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், பையன் வேலையில் சேர்ந்துவிடுவான்.

2025 மே மாதத்திலிருந்து இந்த எண்கள் மாதந்தோறும் வெளியாகின்றன. முதலில் வந்த 2025 ஏப்ரல் எண் 5.1 சதவிகிதம். இது வாராந்திர முறை. "3.2-லிருந்து 5.1-க்கு எகிறிவிட்டது" என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால், ஃபார்வேர்டு செய்யாதீர்கள். இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். அடுத்த மாத எண் வரும்போது வேலையின்மை விகிதத்துக்குப் பக்கத்திலேயே, தொழிலாளர் பங்கேற்பு விகிதம் என்று இன்னொரு எண் இருக்கும். அது ஏறியதா இறங்கியதா என்று பாருங்கள். கொரட்டூர் கேம் தம்பி கணக்கிலிருந்து வெளியே போனாரா, உள்ளே வந்தாரா என்பது அங்கேதான் தெரியும்.