குடும்ப ஓய்வூதியத்துக்கு ஏன் குறைந்த வரிக்கழிவு?

அரசு ஊழியர் ஒருவர் இறந்தபின் குடும்பத்துக்கு வந்து சேரும் பணம் எல்லாவற்றுக்கும் வரி உண்டா என்றால், இல்லை. பணிக்கொடை, சேமநல நிதி இருப்பு, விடுப்புச் சம்பளம் என்று மொத்தமாகக் கைக்கு வருபவற்றுக்கு வரி கிடையாது. தேசிய ஓய்வூதியத் திட்ட (என்.பி.எஸ்.) சந்தாதாரர் இறந்து நாமினிக்குக் கிடைக்கும் மொத்தத் தொகையும் வருமானக் கணக்கில் சேராது. மாதாமாதம் வரும் குடும்ப ஓய்வூதியத்துக்குத்தான் வரி. போரில் உயிர்நீத்த படைவீரர்களின் குடும்பத்துக்கும், பரம்வீர் சக்ரா போன்ற வீர விருது பெற்றவர்களின் குடும்பத்துக்கும் மட்டும் முழு விலக்கு உண்டு. மாத வருமானத்துக்கு வரி கேட்பதில் தவறில்லை. கேட்கும் முறையில்தான் அநீதி இருக்கிறது.

ஓய்வுபெற்றவர் வாங்கும் ஓய்வூதியம் சட்டத்தின் பார்வையில் சம்பளம். அவர் மறைந்தபின் மனைவிக்கு வருவதோ 'இதர வருமானம்'. இந்தத் தலைப்பு மாற்றம் என்ன செய்கிறது என்று பாருங்கள். கடைசி அடிப்படைச் சம்பளம் ஒரு லட்சம் ரூபாய் என்றால், அகவிலைப்படி நீங்கலாக ஓய்வூதியம் மாதம் 50,000. வழக்கமான விகிதத்தில் குடும்ப ஓய்வூதியம் 30,000. புதிய வரிமுறையில் அவருக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவு கிடைத்தது. மனைவிக்குக் கிடைப்பது ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. பழைய வரிமுறையில் இந்த உச்சவரம்பு வெறும் 15,000. வருமானம் ஐந்தில் இரண்டு பங்கு குறைய, கழிவு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது.

நிலையான கழிவு வேலைக்குப் போகிறவர்களின் செலவுக்கானது, குடும்ப ஓய்வூதியம் பெறுபவர் வேலை செய்து சம்பாதிக்கவில்லையே என்று வாதிடலாம். ஆனால் 2018 பட்ஜெட்டில் அந்தக் கழிவு திரும்ப வந்தபோதே, அலுவலகம் போகாத ஓய்வூதியர்களுக்கும் தரப்பட்டது. கணவருக்குப் பொருந்தாத காரணம் மனைவிக்கு மட்டும் எப்படிப் பொருந்தும்?

2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வரியே இல்லை, பிறகென்ன குறை என்பது இன்னொரு வாதம். குடும்ப ஓய்வூதியம் மட்டுமே வருமானமாக உள்ள பலருக்கு இது உண்மை. ஆனால் தானும் வேலை பார்க்கும் பெண்ணின் நிலை வேறு. அவர் சம்பளம் ஆண்டுக்கு 11 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மட்டும் என்றால் வரி இல்லை. 3.6 லட்சம் குடும்ப ஓய்வூதியம் சேர்ந்தால், இரண்டு கழிவுகளும் போக வரிக்குரிய வருமானம் 13.6 லட்சம், செஸ் உட்பட வரி 87,360 ரூபாய். குடும்ப ஓய்வூதியத்தில் டி.டி.எஸ். பிடிப்பதில்லை. அலுவலகத்துக்கோ அவர் சொன்னாலொழிய இந்த வருமானம் தெரியாது. முன்கூட்டி வரி கட்டாமல் விட்டால், ரிட்டர்ன் போடும் நேரத்தில் மொத்த வரியும் வட்டியோடு வந்து நிற்கும். தொழில் வருமானம் இல்லாத 60 வயது கடந்தவர்களுக்கு மட்டுமே முன்கூட்டிய வரியிலிருந்து விலக்கு.

இறப்பு நிகழ்ந்த ஆண்டில் வேலை இரட்டிப்பு. இறந்த நாள் வரையிலான வருமானத்துக்கு இறந்தவருடைய பான் எண்ணில், சட்டப்படியான வாரிசாக வருமான வரி இணையதளத்தில் பதிவுசெய்துகொண்டு, ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். அதன்பின் வந்தது மனைவியின் கணக்கு. இறந்தவரின் வரிப் பாக்கிக்கு வாரிசு, அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. கைப்பணத்தைப் போட்டுக் கட்டத் தேவையில்லை. நிலுவை ஓய்வூதியம் ஒரே ஆண்டில் மொத்தமாக வந்தால் வரி நிவாரணம் உண்டு. அதற்கான படிவத்தை ரிட்டர்னுக்கு முன்பே தாக்கல் செய்துவிட வேண்டும்.

ஓய்வூதியத்துக்கும் குடும்ப ஓய்வூதியத்துக்கும் ஒரே கழிவு என்று சட்டத்தைத் திருத்த ஒரு பட்ஜெட் போதும். நிதியமைச்சகம் அடுத்த பட்ஜெட்டிலேயே அதைச் செய்ய வேண்டும்.