பட்டிப்பூவும் புற்றுநோயும்

நம் முற்றங்களில் மலரும் பட்டிப்பூவை நித்தியகல்யாணி எனவும் வழங்குவர். ஜமெய்க்காவில் நீரிழிவு மருந்தெனக் கருதப்பட்ட அதன் இலையைக் கனடாவில் றொபேட் நோபிள், சாள்ஸ் பியர் என்போர் ஆராய்ந்தனர். விலங்குகளின் குருதியில் வெல்லம் குறையவில்லை, வெண்கலங்களே குறைந்தன. அதன் பயனாக 1958 இல் வின்பிளாஸ்டீனும், பின்னர் வின்கிறிஸ்டீனும் அறியப்பட்டன.

கலம் பிரியுங்கால் நிறமூர்த்தங்களை இருபுறமும் ஈர்ப்பவை புரதத்தாலான கதிர்நார்கள். வின்கிறிஸ்டீன் அப்புரதத்தைப் பற்றி நார் உருவாகாது தடுக்கும். பிரியமாட்டாத கலம் மடியும். ஆதலின் ஓயாது பெருகும் புற்றுக்கலங்களே பெரிதும் அழிகின்றன.

பிற மருந்துகளோடு சேர்ந்து இது சிறுவர் குருதிப் புற்றுநோயைப் பெரும்பாலும் குணமாக்குகின்றது. வளர்ந்தோரில் அவ்வெற்றி குறைவே. எனினும் இலையை வீட்டில் அவித்துக் குடித்தல் தகாது. அளவறியாதவிடத்து அது நஞ்சு. மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலை போன்றவற்றைக் காலந்தாழ்த்தாது நாடுவதே உயிர்காக்கும் வழியாம்.