எழும்பூர்ப் பொருட்காட்சிசாலையும் பழம்பண்டங்களும்

பட்டணம் பார்க்க வரும் நாட்டுப்புறத்து ஜனங்கள் 'செத்த காலேஜ்' என்று வேடிக்கையாகப் பெயரிட்டு வழங்கிய எழும்பூர்ப் பொருட்காட்சிசாலை, 1851-ஆம் ஆண்டில் எட்வர்டு பால்பர் என்ற வைத்தியரின் பொறுப்பில், கனிமக் கற்களை முதலாகக் கொண்டு ஆரம்பமாயிற்று. அமராவதிச் சிற்பங்களையும் சோழர் காலத்துத் திருமேனிகளையும் தரிசிக்கவே பெரும்பாலோர் அங்கே போகிறார்கள், அது நியாயமே. ஆயினும், அரசர் செய்வித்தவற்றைக் காட்டிலும், குடியானவனும் வேட்டைக்காரனும் கையாண்ட சாதாரணப் பண்டங்களே அந்த ஸ்தாபனத்தின் அரிய செல்வம் என்பது என் அபிப்பிராயம்.

1885 முதல் 1908 வரை அதன் தலைவராக இருந்த எட்கார் தர்ஸ்டன், மண்டையையும் மூக்கையும் அளந்து ஜாதிக்கு ஜாதி லட்சணம் கூற முற்பட்டவர். அந்தச் சாஸ்திரம் இன்று செல்லாக்காசு. ஆனால் அவர் காலத்துச் சேகரத்தில், தஞ்சை ஆயுதசாலையைச் சேர்ந்த தந்த வளரிகளையும், புதுக்கோட்டைச் சீமையின் மர வளரியையும் காண்போருக்கு, ஒரு முனை கனத்தும் மறுமுனை மெலிந்தும் பிறைபோல் வளைந்த அந்த ஆயுதத்தை எறிந்தவனுடைய கைப்பழக்கம்கூட ஒருவாறு புலனாகும்.

தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர்ப் பரம்பை 1899 முதல் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்து, இந்தப் பொருட்காட்சிசாலைக்கு வந்துசேர்ந்த பண்டங்களின் கதையோ தனி. ஈமத்தாழிகளோடு கிடைத்த இரும்பு வாளும் ஈட்டியும், மூடிமேல் எருமை நிற்கும் வெண்கலக் கலங்களும், கயிறு கோத்துக் கட்டுவதற்கு இருமுனையிலும் துளையிட்ட மெல்லிய பொன் நெற்றிப்பட்டங்களும், ஏன், பானைக்குள் ஒட்டியிருந்த நெல் உமியும்கூட, அம்மக்கள் உண்டதையும் உடுத்ததையும் அஞ்சியதையும் ஆராய்ச்சியாளருக்கு எடுத்துரைக்கின்றன.

மண்ணிலிருந்து வந்த வெண்கலத்துக்கு ஒரு வியாதி உண்டு. மண்ணின் உப்பு உலோகத்துக்குள் ஊறி, ஈரக்காற்றுப் பட்டதும் வெளிறிய பச்சைப் பொடியாகப் பூத்து, கலத்தையே தின்றுவிடும். இதற்குப் பரிகாரமாக 1930-ஆம் ஆண்டை ஒட்டிப் பொருட்காட்சிசாலையில் ஒரு ரசாயனசாலை ஏற்பட்டது. காரநீரில் பண்டத்தை அமிழ்த்தி, மின்சாரத்தின் எதிர்முனையை அதனோடும், நேர்முனையை இரும்புத் தகட்டோடும் இணைத்து, மெதுவாக மின்னோட்டம் பாய்ச்சினால், உள்ளே ஊறிய உப்பு நீரில் இறங்கிவிட, களிம்புக்கடியில் மறைந்திருந்த கோலமும் கீறலும் வெளிப்படும்.

இத்தனை பிரயாசையும் பயன்பட வேண்டுமானால், பண்டத்தோடு அதன் பூர்வோத்தரமும் வர வேண்டும். 1863-இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்ட ராபர்ட் புரூஸ் புட், தாம் சேர்த்த கற்கருவிகள் எந்தெந்த இடத்தில் கிடைத்தன என்று குறித்து வைத்ததனாலேயே, இந்தப் பொருட்காட்சிசாலைக்கு வந்துசேர்ந்த அவருடைய சேகரம் இன்றளவும் ஆராய்ச்சிக்கு உதவுகிறது. ஊர்பேர் தெரியாத கல் வெறுங்கல்லே. ஆகவே, பரணிலிருக்கும் பாட்டி காலத்து மரக்காலையோ முறுக்கு உழக்கையோ பழைய பாத்திரக்காரனிடம் தூக்கிக் கொடுக்குமுன், அது எந்த ஊரில், யாரால், எதற்கு வழங்கிற்று என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஒரு காகிதத்தில் எழுதி அதனோடு கட்டிவையுங்கள்.