சாவி யாரிடம் இருக்கிறது?

சிங்கப்பூர் மக்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேலானோர் குடியிருப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிகளில். முற்றம் கிடையாது, கொல்லைப்புறம் கிடையாது. முருங்கைக் கிளை ஒன்றை ஊன்றிவைக்க ஆசைப்படுபவர், புளோக்குக்குக் கீழே வேலிக்குள் இருக்கும் தோட்டத்தின் சாவி யாரிடம் என்றுதான் முதலில் விசாரிக்க வேண்டியிருக்கும்.

இப்படிப்பட்ட தோட்டங்கள் பெருகியதற்குக் காரணம், தேசியப் பூங்காக் கழகம் 2005-இல் தொடங்கிய ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டம். இன்று பேட்டைகள், பள்ளிகள், மருத்துவமனைகள் என 2,000-க்கும் மேற்பட்ட இடங்களில் தோட்டங்கள் உள்ளன. பேட்டைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர்கள் அங்கே குடியிருப்பவர்களே. சேர விரும்புபவர் பேட்டையின் வசிப்போர் அமைப்பிடம் கேட்கலாம். அதைவிட விரைவான வழி, காலை வெயில் ஏறுவதற்குள் ரப்பர் குழாயோடு நிற்கும் அங்கிளிடமோ ஆன்ட்டியிடமோ பேச்சுக் கொடுப்பது.

புதியவர் நடுவதற்கு வருகிறார். தோட்டத்துக்கோ தண்ணீர் ஊற்றவும் களை பிடுங்கவும்தான் ஆள் வேண்டும். பூமத்திய ரேகையை ஒட்டிய ஊரில் ஆண்டு முழுவதும் பயிர் வளரும் என்பது எவ்வளவு உண்மையோ, களையும் ஓய்வெடுக்காது என்பது அவ்வளவு உண்மை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் மழை மண்ணின் சத்தை அரித்துக்கொண்டு போய்விடும். அதனால் சமையலறைக் கழிவையும் காய்ந்த இலையையும் மக்கவைத்து உரமாக்குவது ஓயாத வேலை. ஈரமான காலைகளில் பெரிய ஆப்பிரிக்க நத்தைகளைப் பொறுக்க வேண்டும். இதை யாரும் விரும்பிச் செய்வதில்லை. புதியவர் தலையில் கட்டப்பட்டால் வியப்பில்லை.

முதல் விதைப்புக்குக் கங்கோங் கீரை நல்ல தேர்வு. விதைத்த நான்கைந்து வாரங்களில் பறிக்கலாம்; கையில் பலன் கிடைத்தால்தான் ஆர்வம் தங்கும். தண்டுக்கீரையும் வெண்டையும் சிங்கப்பூர் வெப்பத்துக்கு ஒத்துவரும். தக்காளி சற்று அடம் பிடிக்கும். இரவிலும் வெப்பம் தணியாத இடத்தில் பூக்கள் பிஞ்சாகாமலே உதிர்ந்துவிடும்.

பயிரைவிடக் கண்டிப்பான பாடம் ஒன்று உண்டு: டெங்கி. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ ஒரு வாரம் போதும். ஆகவே தொட்டிக்கு அடியில் உள்ள தட்டில் தேங்கிய நீரைக் கொட்ட வேண்டும், இறுகிய மண்ணைக் கொத்திவிட வேண்டும், காலி வாளியைக் கவிழ்த்துவைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றும் முறை வந்தும் வராமல் போனவரைக்கூட மன்னித்துவிடுவார்கள். வாளியில் நீரை விட்டுப்போனவரை மன்னிப்பது கடினம்.

அறுவடையில்தான் பலருக்கு மனம் சுணங்கும். தான் நீர் ஊற்றிய கத்திரிக்காய் பக்கத்து புளோக் மூதாட்டியின் பைக்குள் போகும். கூட்டாக வளர்த்ததைப் பங்கிடும் விதம் தோட்டத்துக்குத் தோட்டம் மாறுவதால், பறிப்பதற்கு முன் கேட்டுவிடுவது நல்லது.

பங்கு போட மனமில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. பூங்காக்களில் இரண்டரை மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட பாத்திகளைத் தேசியப் பூங்காக் கழகம் ஆண்டுக்குச் சுமார் 60 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாடகைக்கு விடுகிறது. விளைவதெல்லாம் பாத்திக்காரருக்கே. கேட்பவர்கள் அதிகம் என்பதால் பாத்தி கிடைப்பது மட்டும் குலுக்கலில்.