உங்களுக்குத் தெரியுமா? டிஎன்எஸ் சர்வரை நிறுத்தாமலே திருத்தலாம்

ஓர் இணையதளத்தின் ஐபி முகவரி மாறிய பிறகும் பழையதே வந்துகொண்டிருந்தால், டிஎன்எஸ் சர்வரையே ரீஸ்டார்ட் செய்துவிடுவோர் உண்டு. வீண் வேலை, கேஷில் சேர்ந்திருக்கும் மற்ற பெயர்களும் கூடவே அழிந்துபோகும். பைண்ட் 9 என்ற டிஎன்எஸ் சர்வர் மென்பொருளுடன் வரும் ஆர்என்டிசி என்ற கட்டுப்பாட்டுக் கருவியில் 'ஃப்ளஷ்நேம்' என்ற கட்டளையோடு அந்தப் பெயரைத் தட்டினால் அது மட்டும் நீங்கும். வேறு ஊரிலிருந்தும் செய்யலாம். அப்படியானால் திருடனும் நுழைவானே என்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால், நாமாக மாற்றாதவரை, ஆர்என்டிசி கட்டளைகள் வந்துசேரும் 953ஆம் போர்ட் அதே கணினியிலிருந்து வரும் கட்டளைகளையே ஏற்கும். வெளியே திறந்தாலும், இரு பக்கமும் வைத்திருக்கும் ரகசியச் சாவியால் கையொப்பமிடாத கட்டளை செல்லாது. (இரு கணினிகளின் கடிகாரங்களும் வெகுவாக முரண்பட்டால் அப்போதும் மறுப்புதான்!) கையொப்பம் உண்டே தவிர, மறையாக்கம் கிடையாது. எனவே அந்தப் போர்ட்டை நிர்வாகியின் ஐபி முகவரிக்கு மட்டும் திறந்துவையுங்கள்.