மஞ்சள் தாளும் வெள்ளை ஈயும்

விடுமுறைக்கு ஊர்ப்பக்கம் வருகிற நம்மவர்கள், பொள்ளாச்சியிலிருந்து எங்கள் நல்லேப்பிள்ளி வரையுள்ள தென்னந்தோப்புகளில் மஞ்சள் பிளாஸ்டிக் தாள்கள் தொங்கக் கண்டால் ஏதோ கட்சித் தோரணம் என்று எண்ணிவிட வேண்டாம். அது பூச்சிப் பொறி. அதில் உள்ள விஞ்ஞானம் சுவையானது.

2016-ல் பொள்ளாச்சி, பாலக்காடு வட்டாரத் தென்னைகளில் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ என்ற பூச்சி தென்பட்டது. மத்திய அமெரிக்காவைச் சேர்ந்தது. ஓலையின் அடியில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். அது கழிக்கும் இனிப்பு நீர் கீழ் மட்டைகளில் சொட்டி, அதன்மேல் கரும்பூசணம் படரும். தோப்பே கரி பூசினாற்போல் ஆகிவிடும்.

இதற்கும் நிறத்துக்கும் என்ன சம்பந்தம்?

ரயில்வேயில் டிரைவர் வேலைக்கு வருபவருக்கு நிறம் பிரித்தறியும் பரிசோதனை உண்டு. தேனீ அந்தப் பரிசோதனைக்கு வந்தால் நிச்சயம் தோற்றுப்போகும். சிவப்பு சிக்னல் அதற்குக் கறுப்பாகத்தான் படும். ஆனால் நாம் காணாத புற ஊதா ஒளியை அது காணும். தேனீக்கு நிறம் தெரியும் என்பதை ஜெர்மனியில் கார்ல் வான் ஃப்ரிஷ் 1914-லேயே காட்டினார். நீல அட்டையில் சர்க்கரைத் தண்ணீர் வைத்துப் பழக்கியபின், பல சாம்பல் நிற அட்டைகளுக்கு நடுவே வெறும் நீல அட்டையை வைத்தார். தேனீக்கள் நீலத்தையே தேடி வந்தன. அவருக்கு 1973-ல் நோபல் பரிசு கிடைத்தது.

வெள்ளை ஈயின் கணக்கு இன்னும் சுருக்கம். பசுமைக்குடில்களில் வாழும் அதன் உறவினத்தைச் சோதித்ததில், புற ஊதா ஒளி பட்டால் மேலே பறக்கிறது, பச்சை கலந்த மஞ்சளைக் கண்டால் இறங்கி உட்காருகிறது. அதாவது ஒன்று வானம், மற்றது இலை. இலை தன்மேல் விழும் பச்சை ஒளியில் சிறு பங்கையே திருப்பி அனுப்புகிறது. மஞ்சள் தாளோ அதே பச்சையையும் மஞ்சளையும் பன்மடங்கு அனுப்புகிறது, நீலத்தை அனுப்புவதில்லை. எனவே பூச்சியின் கண்ணுக்கு அது அசல் இலையைவிட அருமையான இலை! கல்யாண வீட்டுச் சாப்பாட்டு வாசனை மாதிரி, விட்டுப்போக மனம் வராது.

5 அடி நீளம், 1½ அடி அகலமுள்ள மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி, ஆள் உயரத்தில் கட்டுகிறார்கள். வந்து உட்காருகிற ஈ ஒட்டிக்கொள்ளும். செலவு சொற்பம்.

மருந்து அடித்தால் சீக்கிரம் தீருமே என்று தோப்புக்காரர்கள் பலர் கேட்கிறார்கள். என்கார்சியா என்ற மிகச் சிறிய குளவி இந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கிறது. மருந்து முதலில் கொல்வது இந்தக் குளவியைத்தான். மஞ்சள் தாளிலும் ஒரு சங்கடம் உண்டு: அந்த நிறம் குளவியையும் இழுக்கும். ஆகவே ஈ குறைந்தபின் தாள்களை அவிழ்த்து வைப்பதே என் பழக்கம். ஈ பெருகும்போது தூசியைத் துடைத்து, புதிதாக எண்ணெய் தடவி, மறுபடி கட்டினால் போதும்.