மாறுகண்ணும் நரம்புறைக் கட்டியும்: ஒரு விளக்கம்

முன்னுரை

‘மாறுகண்’ என்னும் சொல் விழி நேர்நிலையிலிருந்து விலகி நிற்பதைக் குறிக்கிறது. அவ்விலகல் எப்போது, எதனால் தோன்றியது என்பதைக் குறிப்பதில்லை. குழந்தைப் பருவம் முதல் அமைந்த மாறுகண்ணை நற்பேறாகக் கருதும் நம்பிக்கை தமிழ் மக்களிடையே உண்டு. நடுவயதில் புதிதாகத் தோன்றும் மாறுகண்ணையும் அவ்வாறே கருதினால், நரம்பில் வளரும் கட்டி கவனிக்கப்படாமல் போக நேரிடும். புதுச்சேரியின் ஊரகப் பகுதியான மடுகரை போன்ற ஊர்களின் அன்றாட வாழ்வைக் கருத்திற்கொண்டு இவ்வேறுபாட்டை இக்கட்டுரை விளக்குகிறது.

விழித்தசைகளும் நரம்புறையும்

ஒவ்வொரு விழியையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. விழியை வெளிப்புறம் திருப்பும் தசையை ஆறாம் மூளை நரம்பும், மேற்சாய் தசையை நான்காம் நரம்பும், எஞ்சிய நான்கையும் மேலிமையை உயர்த்தும் தசையையும் மூன்றாம் நரம்பும் இயக்குகின்றன. இந்நரம்பிழைகளுக்கு உறையாக அமைபவை சுவான் செல்கள். 19ஆம் நூற்றாண்டுச் செருமானிய உடலியலாளர் தியோடர் சுவானின் பெயரால் இவை வழங்கப்படுகின்றன. இவற்றிலிருந்து தோன்றும் கட்டி சுவானோமா எனப்படும். இது பெரும்பாலும் புற்றுநோய் அன்று, மெல்ல வளர்வது. விழித்தசை நரம்புகளில் இது அரிதாகவே தோன்றுகிறது. கண்குழியில் உள்ள உணர்ச்சி நரம்புக் கிளைகளில் தோன்றினால் விழியையே இடம்பெயர்த்துவிடும்.

அறிகுறிகள்

ஆறாம் நரம்பு பாதிக்கப்பட்டால் விழி மூக்கை நோக்கித் திரும்பும். தொலைவிலுள்ள பொருள் பக்கவாட்டில் இரண்டாகத் தெரியும். நான்காம் நரம்பு பாதிக்கப்பட்டால் உருவங்கள் மேலும் கீழுமாகத் தோன்றும். படியிறங்கும்போதும் வயல் வரப்பில் நடக்கும்போதும் தடுமாற்றம் மிகும். அதனைத் தவிர்க்க நோயாளி தலையை ஒருபுறம் சாய்த்தே வைத்திருப்பார். அது கழுத்துப் பிடிப்பாகத் தவறாகக் கொள்ளப்படலாம். மூன்றாம் நரம்பு பாதிக்கப்பட்டால் இமை தொங்கும். விழி வெளிப்புறமாகக் கீழ்நோக்கி விலகும்.

ஒரு கண்ணை மூடினால் இவ்விரட்டைப் பார்வை மறைந்துவிடும். ஆதலின் ஒவ்வொரு கண்ணாக மூடி எழுத்துப் பலகையை வாசிக்கும் சோதனையில் மட்டும் இக்குறை வெளிப்படாது.

காரணங்களை வேறுபடுத்தல்

நீரிழிவாலும் உயர் இரத்த அழுத்தத்தாலும் நேரும் நரம்புத் தளர்ச்சி திடீரெனத் தோன்றி, பெரும்பாலும் சுமார் 3 மாதங்களில் சீரடையும். கட்டியால் நேர்வதோ பொதுவாக மெல்லக் கூடிக்கொண்டே செல்லும். கடும் தலைவலியுடன் இமை திடீரெனத் தொங்கினாலோ கண்மணி விரிந்தாலோ அது மூளை இரத்தக்குழாய்ப் புடைப்பாகவும் இருக்கலாம்; உடனே மருத்துவமனையை அடைதல் வேண்டும்.

மருத்துவம்

எம்.ஆர்.ஐ. படமே கட்டியைக் காட்டும். அறுவை செய்து நீக்கும்போது நரம்பே சிதைய வாய்ப்புள்ளதால், சிறிய கட்டிகள் மீள்படங்களின்வழிக் கண்காணிக்கப்படுகின்றன; வளர்பவற்றுக்குக் குவிகதிர்ச் சிகிச்சையோ அறுவையோ பரிந்துரைக்கப்படும். இரட்டைப் பார்வைக்கு முப்பட்டகக் கண்ணாடி உதவும். விலகல் சில மாதங்கள் மாறாது நிலைத்த பின்னரே விழித்தசை அறுவை மேற்கொள்ளப்படும். காரணம் அறியாமல் விழியை நேராக்கினால் கட்டி தொடர்ந்து வளரும். கோரிமேட்டிலுள்ள ஜிப்மரும் தவளக்குப்பத்திலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனையும் மடுகரை மக்கள் அணுகத்தக்க தொலைவில் உள்ளன.

முடிவுரை

மாறுகண் எப்போது தோன்றியது, இரட்டைப் பார்வை உண்டா, அது நாளடைவில் கூடுகிறதா என்னும் மூன்று வினாக்களை வீட்டாரே கேட்டறியலாம். வளர்ந்தவரிடம் புதிதாகத் தோன்றிய விலகல் எதுவாயினும், அதன் காரணத்தை மருத்துவர் கண்டறிந்த பின்னரே அதனைத் தீங்கற்றதென முடிவுசெய்தல் தகும்.